முதல் குயில், முதல் பனம்பழம்: லியோபோல்ட் முறையில் ஒரு பருவக் கொப்பி

"இந்த முறை மாம்பூ முந்தீட்டுது." தை பிறந்தால் யாழ்ப்பாணத்தின் எந்த ஒழுங்கையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். எத்தனை நாள் முந்தியது, எந்த வருடத்தோடு பார்த்து என்று திருப்பிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். அந்தக் கேள்விக்கு நாள் கணக்கில் விடை சொல்லக்கூடிய ஒரு கொப்பியை எப்படி வைத்திருப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். வேண்டியவை ஒரு சி.ஆர். கொப்பி, பென்சில், புனல், 5 லீற்றர் கான், இரும்பு அளவுநாடா. நாளுக்கு முக்கால் மணி நேரம் போதும்.

முறை அல்டோ லியோபோல்டுடையது. 1887 இல் அயோவா மாநிலத்தின் பேர்லிங்டனில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்து 1909 இல் அமெரிக்க வனச் சேவையில் சேர்ந்தார். நியூ மெக்சிகோவின் கிலா பகுதி 1924 இல் வீதி போடாத வனாந்தரமாக ஒதுக்கப்பட்டதற்கு முன்நின்று வாதாடியவர். 1933 இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் வனவிலங்கு முகாமைத்துவப் பேராசிரியர் ஆனார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இவ்வளவையும் சொல்லிவிட்டு, அவர் இறந்த மறுவருடம் வெளிவந்த கட்டுரைத் தொகுப்புக்குத் தாவிவிடுவார்கள். எங்களுக்குப் பயன்படும் பகுதி இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது.

1935 இல் விஸ்கொன்சின் ஆற்றங்கரையில், உழுது களைத்துக் கைவிட்ட ஒரு மணற்காணியை வாங்கினார். அங்கே நின்ற கட்டடம் ஒரு கோழிக்கூடு. அதைத் துப்புரவாக்கி, மனைவியும் ஐந்து பிள்ளைகளுமாக வார இறுதியில் போய்த் தங்கி, வருடாவருடம் ஆயிரக்கணக்கில் பைன் கன்று நட்டார்கள். 1936 இன் வறட்சியில் நட்டதில் பெரும்பகுதி செத்தது, திரும்பவும் நட்டார்கள். நட்டதோடு எழுதியும் வந்தார்கள்: எந்தப் பூ எந்த நாள் விரிந்தது, எந்தப் பறவை எந்த நாள் வந்தது என்று. கோடையில் விடிய 3.30 மணிக்கே கோப்பிப் பாத்திரமும் கொப்பியுமாக வாசலுக்கு வந்துவிடுவார். எந்தக் குருவி எவ்வளவு வெளிச்சத்தில் முதற்குரல் எழுப்புகிறது என்று ஒளிமானி வைத்தும் அளந்தார்.

1935 முதல் 1945 வரையான அந்தக் குறிப்புகளை சாரா எலிசபெத் ஜோன்ஸுடன் சேர்ந்து 1947 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1948 ஏப்ரல் 21 இல், அயற்காணியில் பிடித்த புல்தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்தார். 1976 முதல் மகள் நீனா அதே இடத்தில் அதே பூக்களையும் பறவைகளையும் திரும்ப எழுதத் தொடங்கினார். இரண்டு தொகுதியையும் ஒன்றுசேர்த்து, 55 பருவ நிகழ்வுகளை ஒப்பிட்டு 1999 இல் ஒரு கட்டுரை வந்தது. பல முந்தியிருந்தன, சில அசையவே இல்லை. வசந்தம் முந்துகிறது என்று ஊர் பேசியதை நாள் கணக்கில் காட்ட முடிந்தது, தகப்பன் "பூத்தது" என்று எதைச் சொன்னார் என்பது மகளுக்கு ஐயமறத் தெரிந்திருந்ததால்தான். கொப்பி வைப்பதில் கடினமான வேலை அந்த வரையறைதான். மற்றதெல்லாம் பழக்கம்.

விஸ்கொன்சின் அட்டவணை இங்கே ஏன் பொருந்தாது

அவருடைய காணி கிட்டத்தட்ட வடக்கு 43 பாகையில். மாரியில் பனி மூடும். பகல் ஒன்பது மணித்தியாலத்துக்குச் சுருங்கி, ஆனியில் பதினைந்துக்கு மேல் நீளும். அங்கே செடிக்கும் பறவைக்கும் கட்டளையிடுவது வெப்பமும் பகல் நீளமும். யாழ்ப்பாணம் 9 பாகை 40 கலையில் இருக்கிறது. வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலந்தான் வித்தியாசம். இங்கே பூவையும் பூச்சியையும் கிளப்புவது மழை, மழைக்கு முந்திய வறட்சி, காற்று மாறுவது. ஆகவே மழையும் கிணற்று நீர்மட்டமும் எழுதாத பருவக் கொப்பி இங்கே பாதிக் கொப்பி. பூ முந்தியதென்று தெரியும், ஏன் என்று தெரியாது.

இன்னொரு சிக்கல் வருடத் தொடக்கம். அவருக்கு ஜனவரி 1 வசதியான நாள். பனிக்குள் ஒன்றும் நடப்பதில்லை. எங்களுக்கு அது நட்டநடு. வாத்துகள் கடல்நீரேரியில், நெல் கதிரில், மழை ஓய்கிற கட்டம். ஒரு வருடம் டிசெம்பர் 28 இலும் அடுத்த முறை ஜனவரி 4 இலும் நடந்த ஒரு நிகழ்வை ஜனவரியிலிருந்து நாள் எண்ணினால் 362, 4 என்று வரும். இரண்டுக்கும் சராசரி எடுத்தால் 183, அதாவது ஜூலை. இப்படிப் பிழைத்த அட்டவணைகள் பல உண்டு. எனவே தென்மேற்கிலிருந்து சோளகம் வீசுகிற, புதிதாக எதுவும் தொடங்காத ஜூன் 1 ஐ முதலாம் நாளாக வையுங்கள். மாதக் கடைசி நாட்களின் எண்கள்: ஜூன் 30, ஜூலை 61, ஓகஸ்ட் 92, செப்டெம்பர் 122, ஒக்டோபர் 153, நவம்பர் 183, டிசெம்பர் 214, ஜனவரி 245, பெப்ரவரி 273, மார்ச் 304, ஏப்ரல் 334, மே 365. தைப்பொங்கல் ஜனவரி 14 என்றால் 214 உடன் 14, அதாவது 228 ஆம் நாள். லீப் வருடத்தில் மார்ச்சிலிருந்து ஒன்று கூட்ட வேண்டும். இந்த எண்களைக் கொப்பியின் உள்மட்டையில் ஒட்டிவிடுங்கள்.

திருவிழாவை நாளாக எழுத வேண்டாம். "நல்லூர்க் கொடியேற்றத்தன்று முதற் பனம்பழம்" என்பது வீட்டுப் பேச்சுக்கு அழகு, கணக்குக்கு ஆகாது. கொடியேற்றம் ஆடி அமாவாசையை ஒட்டி வருவது: 2022 இல் ஓகஸ்ட் 2, 2023 இல் ஓகஸ்ட் 21, 2024 இல் ஓகஸ்ட் 9. பனைக்கு அமாவாசை தெரியாது. தமிழ் மாதத் தேதி சூரியக் கணக்கு. அதை எழுதினால் பாதகமில்லை, ஆனால் பக்கத்தில் ஆங்கிலத் தேதியும் இருக்கட்டும்.

மழை

5 லீற்றர் கானின் வாயில் 10 செ.மீ. உள்விட்டமுள்ள புனலைப் பொருத்துங்கள். 10 செ.மீ. புனலின் வாய்ப்பரப்பு 78.5 சதுர செ.மீ.; ஆகவே 1 மி.மீ. மழை 7.85 மி.லீ. தண்ணீராகச் சேரும். கானில் 212 மி.லீ. இருந்தால் 27 மி.மீ. மழை. வேறு புனலென்றால் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, 0.0785 ஆல் பெருக்குங்கள், 12 செ.மீ. புனலுக்கு 11.3 வரும். விட்டத்தை வாயின் உட்புறத்தில் இரண்டு திசையிலும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். 9.5 செ.மீ. புனலை 10 என்று எழுதினால் வருடம் முழுவதும் மழை பத்திலொரு பங்கு குறைவாகவே காட்டும்; ஒருவருக்கும் சந்தேகமும் வராது.

தண்ணீரை மருந்துப் போத்தல் மூடியால் அளக்காதீர்கள். சமையலறை டிஜிற்றல் தராசில் வெறுங்கானை நிறுத்துக் கழித்தால் கிராம் எல்லாம் மில்லிலீற்றர்தான். 1.5 லீற்றர் சோடாப் போத்தலை வெட்டிச் செய்யும் மானி படத்தில் நன்றாயிருக்கும், இங்கே போதாது. இந்தப் புனலோடு 190 மி.மீ. அளவில் அது நிரம்பிவிடும். கார்த்திகையில் ஒரு தாழமுக்கம் கரையைத் தொட்டால் அதைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. 5 லீற்றர் கான் 630 மி.மீ. தாண்டியும் கொள்ளும்.

புனலின் வாய் நிலத்திலிருந்து 30 செ.மீ. க்கு மேலே, மட்டமாக இருக்க வேண்டும். கீழே வைத்தால் மண்ணில் மோதித் தெறிக்கும் தண்ணீரும் உள்ளே போகும். மதிலோ மரமோ அதன் உயரத்தைப் போல இரு மடங்கு தள்ளி இருக்கட்டும். நெருக்கமான வளவில் இது முடியாது. மொட்டை மாடி இருந்தால் நடுவில் வையுங்கள், கரையில் காற்றுச் சுழற்சி மழையைத் தள்ளிவிடும். காலை 8.30 க்கு வாசித்து, வாசித்த நாளின் தேதியில் எழுதுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைநாளும் 8.30 இலிருந்து 8.30 வரைதான், பின்னர் ஒப்பிட உதவும். மழை இல்லாவிட்டாலும் கானைத் தினமும் கவிழ்த்து, புனல் கழுத்தில் நுளம்புவலைத் துண்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் டெங்குப் பரிசோதனைக்கு வரும் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) க்கு உங்கள் விஞ்ஞானத்தை விளங்கப்படுத்த வேண்டிவரும்.

கிணறு

ஆறில்லாத ஊரில் நிலத்தடி நீர்தான் ஆறு. கிணற்றுக் கட்டில் ஓரிடத்தில் சிவப்புப் பெயின்றால் ஒரு கோடு போடுங்கள். எப்போதும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். இரும்பு அளவுநாடாவின் கடைசி அரை மீற்றரில் வெண்கட்டியை நன்றாகத் தேய்த்து, நுனி தண்ணீருக்குள் போகும்வரை இறக்கி, கோட்டில் பிடித்த அளவைப் பாருங்கள். மேலே எடுத்தால் வெண்கட்டி நனைந்த இடம் தெளிவாகத் தெரியும். 4.00 மீற்றரில் பிடித்து 0.22 நனைந்திருந்தால் நீர்மட்டம் கோட்டுக்குக் கீழே 3.78 மீற்றர். துணி நாடா நீளும், வாளிக் கயிறும் நீளும், இரண்டும் வேண்டாம்.

கிழமைக்கு ஒருமுறை, விடிய, மோட்டார் போட முதல் அளக்க வேண்டும். முந்திய மாலை தோட்டத்துக்கு இறைத்திருந்தால் அதையும் எழுதுங்கள், பக்கத்துத் தோட்டக்காரர் இறைத்திருந்தாலும். சுண்ணக்கல்லுக்குள் தண்ணீர் துவாரங்கள் வழியே ஓடுவதால் அயற்கிணற்று இறைப்பும் உங்கள் கிணற்றில் காட்டக்கூடும். கரையோரக் கிணறுகளில் கடல் வற்று பெருக்கும் சேர்ந்துகொள்ளும். அங்கே அளந்த நேரத்தையும் நிமிடத்தோடு எழுதாவிட்டால் அளவுக்குப் பொருளில்லை.

காற்று

மூன்று மீற்றர் கம்பில் ஒரு முழ வேட்டிக் கரைத் துணி. காலை 6 மணிக்கு எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பதை மட்டும் எழுதினால் போதும். மத்தியானக் காற்றை எழுதாதீர்கள். ஒடுங்கிய குடாநாடு, தரை சுட்டதும் கடற்காற்று புகுந்து பருவக்காற்றை மறைத்துவிடும். வாடை "விழுந்த நாள்" என்று எழுதுவதற்கு, தொடர்ந்து ஐந்து விடியல்களில் வடக்கு அல்லது வடகிழக்கிலிருந்து வீச வேண்டும். ஐந்தில் முதல் நாளையே தேதியாகக் கொள்ளுங்கள். சோளகத்துக்கும் அப்படியே, தெற்கு, தென்மேற்கு. கச்சானும் கொண்டலும் இடைக்காலக் காற்றுகள்; எழுதுங்கள், ஆனால் தொடக்கநாள் குறிக்க வேண்டாம்.

எதைப் பார்ப்பது, எதை "முதல்" என்பது

முதல் வருடத்தில் பத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். ஐம்பது இனத்தோடு தொடங்கிய கொப்பிகள் மார்கழி தாண்டுவதில்லை. நடந்து முடிக்க நாற்பது நிமிடத்துக்கு மிஞ்சாத ஒரே பாதையைத் தெரிவு செய்து, மரங்களுக்கு இலக்கம் கொடுங்கள். சோடாக் கானை வெட்டிய தகட்டில் ஆணியால் இலக்கத்தைக் கீறி, மெல்லிய செப்புக் கம்பியில் கொப்போடு தளர்வாகக் கட்டினால் பத்து வருடம் கிடக்கும். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். கம்பியை இறுக்கினாலும் கொப்புத் தடித்து வெட்டுப்படும்.

பனையில் நாள் குறிக்க நல்லது முதற் பழம் விழுதல். ஐந்து பெண்பனைகளைத் தெரிந்து இலக்கமிடுங்கள். காயில்லாத காலத்தில் தெரிவு செய்தால் ஆண்பனையைப் பிடித்துவிட்டு ஆவணி முழுவதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க நேரும். சோளகத்துக்கு விழுகிற காய் கணக்கில்லை. விழுந்ததைப் பெருவிரலால் அழுத்தினால் தோல் நெகிழ வேண்டும், மணம் வர வேண்டும். இரவில் விழுவதை மாடு தின்றுவிடும், அல்லது முதலில் எழும்புகிறவர் பினாட்டுக்குப் பொறுக்கிவிடுவார்; ஆகவே விடியமுன் பார்க்க வேண்டும், தின்ற கொட்டை கிடந்தால் அதையும் "ஆம்" என்று எழுதி, எப்படித் தெரிந்தது என்பதைச் சேர்க்க வேண்டும்.

மாவில் ஒரே இனமாக எடுங்கள், கறுத்தக்கொழும்பான் என்றால் கறுத்தக்கொழும்பான்தான். பூங்கொத்து நீளத் தொடங்கியதும் "பூத்திட்டுது" என்று ஊர் சொல்லும். பூ உண்மையில் விரிய இன்னும் பல நாள் இருக்கும். இந்த ஒரு குழப்பமே இரண்டு கிழமைப் பிழையைத் தரப் போதும். எனவே இரண்டு தேதி: மொட்டுக்கொத்து விரல் நீளம் வந்த நாள், மூன்று கொத்துகளிலாவது ஒரு சிறுபூ இதழ் விரித்த நாள். புகை போட்டோ மருந்து ஊற்றியோ பூக்க வைக்கும் மரத்தைத் தொட வேண்டாம். அது பருவத்தைக் காட்டாது, சந்தை விலையைக் காட்டும். வாழைக்கு இறைக்கும் தண்ணீர் போய்ச்சேரும் மாமரமும் அப்படியே.

வேம்புக்கு அதே விதி: மூன்று கொப்புகளில் விரிந்த பூ. கண்ணுக்குத் தெரிய முதல் பின்னேரத்தில் மணம் வந்துவிடும். மணம் வந்த நாளைத் தனியாக எழுதலாம், பூத்த நாளாக அல்ல.

கொன்றை பற்றி ஒரு வார்த்தை. பருவமில்லாத மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றையைக் குறுந்தொகைத் தோழி மடமரம் என்கிறாள். நிகழ்வும் காரணமும் பிழைத்த தேதியும் ஒரே பாட்டில் இருக்கும் அருமையான பருவக்குறிப்பு அது. ஆனால் அங்கே கொன்றை கார்காலப் பூ. எங்கள் வீதியோரச் சரக்கொன்றை வெயில் ஏறுகிற சித்திரை, வைகாசியில் சொரிகிறது. ஒரு வளவின் தேதியை எழுத அந்த வளவைத்தான் பார்க்க வேண்டும், பாட்டை அல்ல. சரக்கொன்றையில் ஒரு கொத்தில் ஐந்து பூ விரிந்த நாளை எடுங்கள். பெருமழைக்குப் பிறகு ஓரிரு கொத்து தப்பிப் பூத்தால் "பருவம் தப்பி" என்று பக்கத்தில் எழுதி, முதற்பூவாகக் கொள்ளாமல் விடுங்கள்.

கார்த்திகைப்பூவுக்கு இரண்டு தேதி எளிது: வேலியடியில் முளை தெரிந்த நாள், முதற்பூ விரிந்த நாள். பூ பச்சை மஞ்சளாக விரிந்து, பிறகே சிவக்கும். சிவந்த பூவை முதன்முதலாகக் காண்கிறீர்கள் என்றால் அது விரிந்து சில நாள் ஆகிவிட்டது. இதழ்கள் மேல்நோக்கி மடிந்த நாளே தேதி. கிழங்கைத் தோண்டிப் பார்க்க வேண்டாம், கடும் நஞ்சு. பிள்ளைகள் கூட வந்தால் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

பறவைகளில் தொடக்கக்காரருக்கு மூன்று போதும். குயில் வருடம் முழுவதும் இங்கேயே இருக்கிறது, அதனால் "முதற் குயில்" என்று சும்மா எழுதினால் பொருளில்லை. பதினான்கு நாள் கேட்டும் குரல் இல்லாதிருந்து, பிறகு ஆண்குயிலின் ஏறிவரும் "கூ-ஊ" மூன்று தடவைக்கு மேல் கேட்ட நாளை எடுங்கள். பெட்டையின் "கிக் கிக்" சேராது. ஆறுமணிக்குருவி வலசை வருவது. ஒக்டோபரில் வேலிப்பற்றைக்குள் விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியளவில் இரண்டு சுரச் சீழ்க்கை. வந்த களைப்பில் விறாந்தையில், குசினிக்குள் வந்து குந்தியிருப்பதும் உண்டு. பூனைக்கு எட்டாமல் ஒரு மட்டைப் பெட்டியில் இருட்டில் வைத்து, தெளிந்ததும் பற்றைப் பக்கம் திறந்துவிடுங்கள். அன்றைய தேதியே வருகை நாள். மூன்றாவது நீலவால் பஞ்சுருட்டான். கம்பியில் குந்தும் சின்னப் பச்சைப் பஞ்சுருட்டான் இங்கேயே இருப்பது, அதைக் கண்டு ஏமாறக் கூடாது. வலசை வருவது அதைவிடப் பெரியது, வால் நீலம், தொண்டை செம்மண்ணிறம்.

வாத்துகளுக்குக் கடல்நீரேரிக்குப் போக வேண்டும். பண்ணை வீதி, சரசாலை, தொண்டைமானாறு என்று எங்கேயானாலும் ஒரே இடத்தில், வெயில் முதுகில் படும்படி நின்று, பத்துப் பத்தாக எண்ணுங்கள். 1938 இலிருந்து சரணாலயமாகவும் 2015 இலிருந்து தேசிய பூங்காவாகவும் உள்ள சுண்டிக்குளத்தில் எண்ணிக்கை அதிகம்; ஆனால் கிழமைக்கு இரு தடவை போக முடியாத இடத்தில் வருகைநாள் பிடிக்க முடியாது. முகாம் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பாதீர்கள். கண்ணிவெடிப் பலகை கண்ட இடத்தில் பாதையை விட்டு இறங்காதீர்கள்.

பூச்சியில் ஈசலும் தும்பியும். ஈசலுக்கு லைற்றடியில் முதற்கூட்டம் வந்த இரவு. தும்பிக்கு, குந்தாமல் வெளியில் சுற்றும் மஞ்சள் தும்பிகள் ஒரே பார்வையில் இருபதுக்கு மேல் தெரிந்த நாள்.

எழுதும் விதம்

பென்சிலால் எழுதுங்கள், ஜெல் பேனை வியர்வைக் கையில் ஊறிப் பரவும். இடத்திலேயே எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு எழுதுவது நினைவுக் குறிப்பு. மாதிரிக்கு ஒக்டோபரில் ஐந்து பதிவு:

ஒக். 6. 6.05–6.45. முகில். காற்று தெ.மே., மெல்ல. மழை 0. நீலவால் ஆம், 4, கம்பியில். ஆறுமணி இல்லை. கா.பூ. முளை இல்லை.

ஒக். 7. போகவில்லை.

ஒக். 8. 6.10–6.50. மழை 27. ஈசல் ஆம் (நேற்றிரவு, படலை லைற்). ஆறுமணி இல்லை.

ஒக். 9. போகவில்லை.

ஒக். 10. 6.00–6.40. வெளிப்பு. மழை 3. ஆறுமணி ஆம், குரல் மட்டும், கிழக்கு வேலி. கா.பூ. முளை ஆம், 2.

இந்த ஐந்தில் பெறுமதி கூடியவை "இல்லை" என்ற சொற்கள். 8 இல் கேட்டும் இல்லை, 10 இல் ஆம். ஆகவே குருவி வந்தது 9 இலோ 10 இலோ. வெறுமனே "10 இல் ஆறுமணிக்குருவி" என்று மட்டும் எழுதியிருந்தால், அது ஒரு கிழமைக்கு முன்னமே வந்து, நீங்கள் நித்திரையில் இருந்தீர்களா என்பது யாருக்குத் தெரியும்? ஆம், இல்லை, போகவில்லை என்ற மூன்றில் ஒன்று இல்லாமல் எந்த நாளையும் வெறுமையாக விடாதீர்கள்.

பிழைகளில் மிகவும் சாதாரணமானது ஞாயிற்றுக்கிழமைப் பிழை. மற்ற நாளில் அவசரம், ஞாயிறு ஆறுதல்; இரண்டு வருடம் போனால் முதற்பூ எல்லாம் ஞாயிறில் பூத்திருக்கும். பார்க்கும் நாட்களைக் கிழமையில் மூன்றாக, செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று பிரித்து வைத்தால் தீரும். அடுத்தது கண் கூடுவது. முதல் வருடம் ஒருவர், மூன்றாம் வருடம் ஐந்து பேர் என்றால் எல்லாம் "முந்தும்", பார்க்கும் கண் கூடியதால். வேறொருவர் கண்டதை எழுதலாம், யார் கண்டது என்ற அடையாளத்தோடு. கணக்கில் எடுப்பது வழமையான பாதையில், வழமையான ஆள் கண்டதை மட்டும். கோயில் ஒலிபெருக்கி விடியப் பாடும் பத்து நாளிலும் குரல்வழிப் பதிவு நம்பத்தக்கதல்ல. "ஒலிபெருக்கி" என்று ஒரு சொல் எழுதிவைத்தால் பின்னர் விளங்கும். பறவைக் குரலைச் சொல்லும் கைத்தொலைபேசிச் செயலிகள் உதவும், ஆனால் செயலி சொன்னதைக் காதால் உறுதிசெய்யாமல் "ஆம்" போட வேண்டாம்.

பழைய தேதிகள்

சிலரிடம் பழைய டயறி இருக்கும்: வெங்காயம் நட்ட நாள், புழுதி விதைப்பு, தவறணைக்கு முதற் கள்ளு கொடுத்த நாள். அவற்றை வேறொரு கொப்பியில், டயறியில் இருக்கும் சொல்லிலேயே, பக்கத்தைப் படமெடுத்து எழுதுங்கள். நேரம் குறித்திருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கையின் நேரம் இப்போதையதிலிருந்து முன்தள்ளியிருந்தது, எல்லாரும் அதைப் பின்பற்றவும் இல்லை. எந்த மணிக்கூட்டில் எழுதினார் என்று எழுதியவரைக் கேட்க முடிந்தால் கேளுங்கள். "அந்தக் காலத்தில் ஆவணியிலேயே வந்திடும்" என்ற நினைவை மதித்து எழுதலாம், ஆனால் தேதிப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

இடம்பெயர்ந்த வருடங்கள் வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே விடுங்கள். லியோபோல்டின் தொகுதியிலும் 1948 இலிருந்து 1975 வரை இடைவெளி. அதை வைத்துக்கொண்டே 1999 இல் கணக்குப் போட முடிந்தது. ஊகத்தால் நிரப்பியிருந்தால் முடிந்திராது.

ஒரே பிரதி வைத்திருக்கக் கூடாது என்று 1981 இல் நூலகம் எரிந்த ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. மாதக் கடைசியில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, வேறு வீட்டில் இருக்கும் ஒருவருக்கு அனுப்புங்கள். கொப்பியைத் தகரப் பெட்டியில், நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள், கறையானுக்கு.

கணக்கு

ஐந்து வருடத்துக்கு முன் எதையும் முடிவு கட்ட வேண்டாம். ஐந்தில் செய்யக்கூடியது நடு எண் எடுப்பது. ஆறுமணிக்குருவிக்கு 131, 138, 126, 149, 133 என்று நாளெண்கள் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வரிசைப்படுத்தினால் 126, 131, 133, 138, 149. நடு 133, அதாவது ஒக்டோபர் 11. கூட்டிச் சராசரி எடுத்தால் 135 தாண்டிவிடும், அந்த ஒரு 149 இழுத்துவிடுவதால். 149 ஏன் வந்தது என்று அந்த வருடக் கொப்பியைத் திறந்து பாருங்கள். முன் இரண்டு கிழமை "இல்லை" என்று நிறைந்திருந்தால் குருவி பிந்தியது. "போகவில்லை" என்று நிறைந்திருந்தால் நீங்கள் பிந்தியது. அப்படியானால் அந்த எண்ணை வெட்டிவிடுங்கள். பிறகு மாம்பூ நாளெண்ணின் பக்கத்தில் அந்த வருடத்து நவம்பர், டிசெம்பர் மழையையும் ஜனவரி முதற்கிழமைக் கிணற்று மட்டத்தையும் வைத்துப் பாருங்கள். பத்து வருடம் சேர்ந்தால்தான் சரிவு பிடிக்கும் கணக்குகளுக்குப் போகலாம்.

அதுவரைக்கும் மரங்கள் நிற்க வேண்டும். வீதி அகலிப்பு, மதில் கட்டல், புயல் என்று இலக்கமிட்டதில் ஒன்று இரண்டு போகும். விழுந்த பிறகு புதிய மரத்துக்கு மாறினால் இரண்டு மரத்துக்கும் உள்ள இயல்பான வித்தியாசம் காலநிலை மாற்றம் போலத் தோன்றும். ஆகவே பழையது நிற்கும்போதே பக்கத்தில் இன்னொன்றுக்கு இலக்கம் கொடுத்து, இரண்டையும் ஒன்றாக இரண்டு வருடமாவது எழுதி வாருங்கள். பனையென்றால், காய் தொங்குகிற மாதத்தில் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.